பைலட் ஆக நினைக்கும் மகள்: கிராண்ட் ஃபோர்க்ஸா, டேட்டோனாவா, வெஸ்ட் லஃபயட்டா?

எடிசன் அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகளுக்குப் பள்ளியில் இது கடைசி வருடம். பிறந்தநாள் பரிசு என்று அவளை ஒரு டிஸ்கவரி ஃப்ளைட்டில், அதாவது இன்ஸ்ட்ரக்டரோடு ஒரு தடவை ஓட்டிப்பார்க்கும் அறிமுகப் பறப்பில், ஏற்றிவிட்டது என் கணவர்தான். அன்றிலிருந்து வீட்டில் பைலட் என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லை. இப்போது "பேசாமல் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கட்டும்" என்று சொல்பவரும் அவரேதான்.

பல்கலைக்கழகத்தில் பட்டத்தோடு சேர்த்துப் பறக்கக் கற்பது என்று முடிவாகிவிட்டது. கிராண்ட் ஃபோர்க்ஸில் இருக்கும் நார்த் டகோட்டா பல்கலைக்கழகத்திலும் ஃப்ளோரிடாவின் டேட்டோனா பீச் எம்ப்ரி-ரிடிலிலும் இடம் கிடைத்திருக்கிறது. இண்டியானாவில் வெஸ்ட் லஃபயட்டில் இருக்கும் பர்டூவின் பதிலுக்குக் காத்திருக்கிறோம். மே முதல் தேதிக்குள் ஏதாவது ஓர் இடத்துக்கு டெபாசிட் கட்டியாக வேண்டும்.

எங்கள் சொந்தத்தில் டாக்டர் இருக்கிறார்கள், எஞ்சினியர்கள் கணக்கில்லை. விமானத்தைப் பற்றி விவரம் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. எல்லாப் பள்ளியின் வெப்சைட்டிலும் அதே நீல வானம், வெள்ளைச் சட்டை, சிரித்த முகம். வித்தியாசம் எங்கே இருக்கிறது என்றே பிடிபடவில்லை. நார்த் டகோட்டா குளிரில் எத்தனை நாள் பறக்க முடியும்? டேட்டோனா ஊர் எப்படி? சொல்லும் செலவுக்குள் முடியுமா? பெண் பிள்ளை தனியாக நான்கு வருடம் இருக்கப்போகிறாள் என்பதால் ஊரைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


ஃப்ளோரிடா பெரியவர்:

அம்மா, எங்கள் பையன் இந்தப் பாதையில்தான் போனான். எந்தப் பள்ளி என்று சொல்ல விரும்பவில்லை, நீங்கள் எழுதிய மூன்றில் அது இல்லை. பணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சேரும்போது கொடுத்த பேப்பரில் ஃப்ளைட் ஃபீஸ் என்று ஒரு தொகை இருந்தது. அது குறைந்தபட்ச மணிநேரத்துக்குப் போட்ட கணக்கு என்பதை யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. பார்ட் 141 பள்ளியில், அதாவது அரசு ஒப்புதல் பெற்ற பாடத்திட்டப்படி நடத்தும் பள்ளியில், பிரைவேட் பைலட் கோர்ஸுக்குக் குறைந்தபட்சம் 35 மணிநேரம். அந்த 35-ல் முடித்தவனை நான் இன்னும் பார்க்கவில்லை. 60, 70 என்று போவது சாதாரணம். ஒவ்வொரு கூடுதல் மணிக்கும் விமான வாடகை தனி, இன்ஸ்ட்ரக்டர் சம்பளம் தனி. பையனுக்கு நடுவில் இன்ஸ்ட்ரக்டர் மாறிக்கொண்டே இருந்தார். புதிதாக வருபவர் "நீ செய்வதை ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்" என்பார். அந்த ஒரு தடவைக்கும் மீட்டர் ஓடும்.

ஆகவே "எஸ்டிமேட் எவ்வளவு" என்று கேட்காதீர்கள். "போன வருடம் முடித்த மாணவர்கள் சராசரியாக எவ்வளவு கட்டினார்கள், எத்தனை மணிநேரத்தில் முடித்தார்கள்" என்று கேளுங்கள். அதற்கு நேரான பதில் வராத இடத்தில் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். பறக்கும் செலவு மட்டுமே 80 ஆயிரம், ஒரு லட்சம் டாலர் என்று போகலாம். டியூஷன், ஹாஸ்டல் எல்லாம் அதற்கு மேல்.

இன்னொன்று. பெற்றோருக்கு மத்திய அரசு கொடுக்கும் பேரன்ட் ப்ளஸ் கடனை நம்பியிருந்தால், 2026 ஜூலை 1 முதல் அதற்கு வருடத்துக்கு 20,000 டாலர், மொத்தம் 65,000 டாலர் என்று வரம்பு வந்துவிட்டது. முன்பெல்லாம் ஃப்ளைட் ஃபீஸையும் படிப்புச் செலவில் சேர்த்துக்காட்டி முழுவதற்கும் பெற்றோர் கடன் வாங்கினார்கள். இனி அது நடக்காது. பாக்கிக்குத் தனியார் வங்கிக் கடன்தான், வட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.


வடக்கு ரன்வே:

அக்கா, நான் கிராண்ட் ஃபோர்க்ஸில் படித்தவள். படித்து முடித்து அங்கேயே இன்ஸ்ட்ரக்டராக இருந்துவிட்டு, இப்போது ஒரு ரீஜனல் ஏர்லைனில் ஃபர்ஸ்ட் ஆபீசராக, அதாவது துணை பைலட்டாக, இருக்கிறேன். அதனால் கொஞ்சம் ஒருபக்கமாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு திருத்தம். நான்கு வருடம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்தரை என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டம் வாங்கும் அன்று உங்கள் மகளின் லாக்புக்கில் 250 மணிநேரம் சுமாருக்கு இருக்கும். ஏர்லைனில் உட்கார சாதாரணமாக 1500 வேண்டும். 2009-ல் பஃபலோ பக்கத்தில் கோல்கன் ஏர் விமானம் விழுந்த பிறகு நாடாளுமன்றம் சட்டம் போட்டு, 2013-ல் அமலுக்கு வந்த விதி இது. அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தில் விமானவியல் பட்டமும் 60 கிரெடிட்டும் இருந்தால் 1500 என்பது 1000 ஆகக் குறையும். வெறும் 30 கிரெடிட்தான் என்றால் 1250. இந்தச் சலுகைக்காகத்தான் எல்லோரும் பல்கலைக்கழகத்துக்கு வருகிறோம்.

அப்போதும் 250-க்கும் 1000-க்கும் நடுவில் 750 மணிநேரம் இருக்கிறது இல்லையா, அதை எப்படி நிரப்புவது? பெரும்பாலானவர்கள் படித்த பள்ளியிலேயே இன்ஸ்ட்ரக்டராகச் சேர்ந்துவிடுவோம். நல்ல மாதத்தில் 70 மணிநேரம் வரும், பனிக்காலத்தில் அதில் பாதி. ஆக மொத்தம் ஒரு வருடத்துக்கு மேல். கல்லூரிக்காலத்தில் ஊரோடு பெரிய ஒட்டுறவு இருக்காது, ஹாஸ்டல், ஹாங்கர், வகுப்பு என்றே ஓடிவிடும். இன்ஸ்ட்ரக்டர் ஆன பிறகுதான் அந்த ஊரில் வாடகைக்கு வீடு பிடித்து, கார் வாங்கி, குறைந்த சம்பளத்தில் குடித்தனம் நடத்த வேண்டியிருக்கும். "இந்த ஊரில் 22 வயதில் என்னால் பிழைக்க முடியுமா" என்று அவள் அதையும் யோசித்து முடிவு செய்யட்டும். டூர் காட்டுபவர்கள் இந்தப் பகுதியைத் தொடவே மாட்டார்கள்.

இப்போது குளிர். பயப்படுகிற அளவுக்கு இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஜனவரியில் ஃபாரன்ஹீட்டிலேயே மைனஸ் 20 தொடும் காலைகள் வரும். அந்தக் குளிரில் ஆர்ச்சர் என்ற சின்னப் பயிற்சி விமானத்தின் இறக்கைக்கு அடியில் குனிந்து பெட்ரோல் சாம்பிள் எடுப்பதை ஒரு தடவை செய்து பார்க்க வேண்டும். கையுறையோடு செய்தால் அந்தச் சின்னக் கோப்பையை வால்வில் சரியாக அழுத்த வராது, கழற்றினால் விரல் போய்விடும். அப்புறம் எரிபொருள் இரண்டு சொட்டு விரலில் பட்டால் அது ஆவியாகும்போது ஊசி குத்துவதுபோல் இருக்கும். நாங்கள் மெல்லிசாக ஓர் உள் கையுறை போட்டு, அதன்மேல் தடித்ததைப் போட்டுக்கொள்வோம். குளிர் ஓர் அளவுக்குக் கீழே போனால் பறக்கவிடமாட்டார்கள்.

ஆனால் குளிர் என்றாலே பறக்க முடியாது என்று நினைத்துவிடாதீர்கள். கடும் குளிர் நாட்களில் பெரும்பாலும் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும், காற்று அடர்த்தி என்பதால் விமானம் துள்ளிக்கொண்டு ஏறும். எங்களைக் கட்டிப்போட்டது நவம்பரும் மார்ச்சும்தான். தாழ்ந்த மேகம், அதற்குள் ஐசிங் (விமானத்தின்மேல் ஐஸ் படிவது), நாள் முழுவதும் அசையாமல் நிற்கும். ஆர்ச்சர் மாதிரிப் பயிற்சி விமானத்துக்கு ஐஸ் ஆகவே ஆகாது. டிஸ்பாட்ச் ஹாலில் திரையைப் பார்த்தபடி வரிசையாக உட்கார்ந்திருப்போம், ஒவ்வொரு பெயராக கேன்சல் ஆகும். அப்புறம் காற்று. ரெட் ரிவர் பள்ளத்தாக்கு சப்பாத்திக்கல் போலத் தட்டை, தடுக்க ஒரு மேடுகூடக் கிடையாது. அதிலும் ஒரு நன்மை உண்டு. குறுக்குக் காற்றில் இறக்கக் கற்றுக்கொள்ளாமல் யாரும் அந்த ஊரை விட்டு வெளியே போவதில்லை.

ஊர் சிறிசு, 60 ஆயிரம் பேர் இருப்பார்கள். 1997 வெள்ளத்தில் டவுன்டவுன் மூழ்கி, நடுவில் தீயும் பிடித்து, அதிலிருந்து எழுந்து வந்த ஊர். ஆற்றைத் தாண்டினால் மினசோட்டா. ஐஸ் ஹாக்கி என்றால் உயிரை விடுவார்கள். ராத்திரி லைப்ரரியிலிருந்து தனியாக நடந்து வந்திருக்கிறேன், பயந்தது குளிருக்கு மட்டும்தான். அவசரத்துக்கு வீட்டுக்கு வர வேண்டுமென்றால் மினியாபொலிஸ் போய் மாற வேண்டும். பனிப்புயல் வந்தால் ஹைவேயையே மூடிவிடுவார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

டேட்டோனாவில் என் தோழி படித்தாள், அவள் சொன்னதை வைத்து எழுதுகிறேன். வளாகமும் விமான நிலையமும் ஒட்டி ஒட்டி. வகுப்பு முடிந்து நடந்தே போய்ப் பறக்கலாம், அது பெரிய வசதி. நிலையத்தை ஒட்டியே கார் ரேஸ் மைதானம், பிப்ரவரியில் டேட்டோனா 500 வரும்போது ஊரும் வானமும் நெரிசல். கோடையில் மதியம் ஆனால் இடி மின்னல் கட்டாயம் என்று வைத்துக்கொள்ளலாம். அதனால் காலை ஆறு மணி ஸ்லாட்டுக்கு அடிதடி. ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை புயல் எச்சரிக்கை வந்தால் விமானங்களையெல்லாம் வேறு ஊருக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள், ஒரு வாரம் அப்படியே போகும். மற்றபடி குளிர்காலம் முழுக்கப் பறக்கலாம். தனியார் பல்கலைக்கழகம் என்பதால் டியூஷனே வருடத்துக்கு 40,000 டாலருக்கு மேல், பறப்பது தனி. அதே எம்ப்ரி-ரிடிலுக்கு அரிசோனாவில் ப்ரெஸ்காட்டில் இன்னொரு வளாகம் இருக்கிறது. ரன்வேயே கடல் மட்டத்திலிருந்து 5,000 அடிக்கு மேலே. கோடையில் அந்த உயரத்தில் சிறிய விமானம் எவ்வளவு சோம்பலாக ஏறும் என்பதைப் புத்தகத்தில் படிப்பதும் நேரில் பார்ப்பதும் வேறு வேறு. யாரும் அந்தக் கிளையைக் கேட்பதில்லை, மகளைக் கேட்டுப் பாருங்கள்.

பர்டூவைப் பற்றி எனக்கு அவ்வளவாகத் தெரியாது. நாட்டிலேயே முதன்முதலாகச் சொந்த விமான நிலையம் வைத்திருந்த பல்கலைக்கழகம் அது, அமீலியா எர்ஹார்ட் அங்கே வேலை பார்த்தார், நீல் ஆர்ம்ஸ்ட்ராங் அங்கே படித்தார். நிலையம் வளாகத்துக்குப் பக்கத்திலேயே. விமானப் படிப்பை விட்டுவிட்டு வேறு படிப்புக்கு மாற நேர்ந்தால் மூன்றிலும் கைகொடுப்பது பர்டூதான் என்பது என் எண்ணம். அந்த யோசனை உங்கள் கணவருக்குப் பிடிக்கும்.

பெயரை மட்டும் பார்த்து ஊரை முடிவு செய்யாதீர்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன், வேறு இடங்களையும் பார்ப்பீர்கள் என்றால். வெஸ்டர்ன் மிச்சிகனின் வளாகம் கலமசூவில், ஆனால் விமானக் கல்லூரி 25 மைல் தள்ளி பேட்டில் க்ரீக்கில். கன்சாஸ் ஸ்டேட் என்றால் மன்ஹாட்டன் ஊர், ஃபுட்பால் கூட்டம் என்று நினைப்போம். விமானப் படிப்போ ஒரு மணிநேர டிரைவ் தள்ளி சலைனாவில், சின்ன வளாகம். ரன்வே மட்டும் 12,000 அடிக்கு மேல். 2005-ல் ஸ்டீவ் ஃபாஸெட் எங்கும் இறங்காமல், நடுவில் எரிபொருள் நிரப்பாமல் தனியாக உலகைச் சுற்றக் கிளம்பியது அந்த ரன்வேயிலிருந்துதான். பறப்பதற்கு அருமையான இடம். ஆனால் அவள் கனவில் இருக்கும் கல்லூரி வாழ்க்கை அங்கே இருக்குமா என்பது வேறு கேள்வி.

பள்ளியிடம் கேட்க வேண்டியதில் பெரியவர் சொன்னதோடு நான் இரண்டு சேர்க்கிறேன். செக்ரைடு என்ற பறக்கும் தேர்வை அவர்களே நடத்தும் அதிகாரம், எக்ஸாமினிங் அத்தாரிட்டி, எந்தெந்தக் கோர்ஸுக்கு இருக்கிறது என்று கேளுங்கள். இல்லையென்றால் வெளியிலிருந்து எக்ஸாமினர் வர வேண்டும், அவருக்காகச் சில இடங்களில் வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள். காத்திருக்கும் வாரங்களில் கை மறந்துவிடாமலிருக்க மறுபடி பறக்க வேண்டும், அதற்கும் காசு.

இன்னொன்று, மெக்கானிக் பக்கம். 2023 கோடையில் கிராண்ட் ஃபோர்க்ஸில் ஈயம் இல்லாத யூ.எல். 94 பெட்ரோலுக்கு மாறினார்கள். நான் அப்போது சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சில மாதத்தில் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடம் தேய்வதை மெயின்டெனன்ஸ்காரர்கள் அளந்து கண்டுபிடித்தார்கள். அக்டோபரிலேயே ஈயம் கலந்த பழைய 100 எல்.எல். பெட்ரோலுக்குத் திரும்பிவிட்டார்கள். "தோற்றுப்போன முயற்சி" என்று வெளியே பேசினார்கள். எனக்கு அது நம்பிக்கையைத்தான் கூட்டியது. ஒரு விமானம் விழுவதற்கு முன்னால், ஒருத்தர் உட்கார்ந்து அளந்து பார்த்து நிறுத்தியிருக்கிறார்கள். எந்தப் பள்ளிக்குப் போனாலும் ஹாங்கருக்குள் கூட்டிப்போகச் சொல்லுங்கள், மெக்கானிக்குகள் எத்தனை பேர், ராத்திரி ஷிஃப்ட் உண்டா என்று கேளுங்கள். சிமுலேட்டரைக் காட்டி மயக்கத்தான் பார்ப்பார்கள்.


வாரக்கடைசி பைலட்:

நான் மாற்றுக் கருத்து. ஐ.டி. வேலை, பக்கத்து ஊர் ஃப்ளையிங் கிளப்பில் சனி ஞாயிறு பறக்கிறேன், பார்ட் 61-ல், அதாவது ஒப்புதல் பெற்ற பாடத்திட்டம் இல்லாத முறையில், இன்ஸ்ட்ரக்டர் ரேட்டிங் வரை போனவன். அவ்வளவு காசைக் கொட்டி விமானப் பட்டம் எதற்கு? டெல்டாவே 2022-ல் நான்கு வருடப் பட்டம் கட்டாயம் என்பதை எடுத்துவிட்டது. வீட்டுப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் படிக்கட்டும், உள்ளூர் நிலையத்தில் பறக்கட்டும். மெடிக்கல், அதாவது பைலட்டுக்கு வேண்டிய உடற்தகுதிச் சான்று, போய்விட்டால் விமானப் பட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? 1500-க்குப் பதில் 1000 என்பது 500 மணிநேர வித்தியாசம். இன்ஸ்ட்ரக்டராக இருந்தால் ஏழெட்டு மாதம். அதற்காக இவ்வளவு செலவா?


வடக்கு ரன்வே:

அண்ணா சொல்வதில் நியாயம் இருக்கிறது. மெடிக்கல் விஷயத்தில் முழுக்க ஒத்துப்போகிறேன். ஏழெட்டு மாதம் என்ற கணக்கும் சரிதான், இன்ஸ்ட்ரக்டர் வேலை கிடைத்தால். 2022, 23-ல் ஏர்லைன்கள் வாரிச் சுருட்டிக்கொண்டு போனபோது எந்தப் பள்ளியிலும் இன்ஸ்ட்ரக்டர் பற்றாக்குறை. 2024-ல் ஆளெடுப்பு குறைந்ததும் நிலைமை தலைகீழ். உள்ளூர் கிளப்புகளில் ரேட்டிங்கோடு காத்திருந்தவர்கள் ஏராளம். பெரிய பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு ஆண்டும் புது மாணவர்கள் வருவதால் தன் மாணவர்களை வேலைக்கு எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. எல்லோரையும் எடுத்துக்கொள்கிறார்கள் என்று சொல்லமாட்டேன், எங்கள் வகுப்பிலேயே காத்திருந்தவர்கள் உண்டு. "உங்கள் பட்டதாரிகளில் எத்தனை பேரை இன்ஸ்ட்ரக்டராக எடுத்தீர்கள்" என்று கேட்க வேண்டியது இதனால்தான்.

அப்புறம் ஏர்லைனில் எல்லாமே சீனியாரிட்டி. எந்த ஊரில் இருப்பது, எந்த விமானம், தீபாவளிக்கு லீவு கிடைக்குமா, எல்லாம் சேர்ந்த தேதியை வைத்துத்தான். ஏழு மாதம் முன்னால் சேர்ந்தவர் அறுபத்தைந்து வயதில் ஓய்வு பெறும் வரை முன்னால்தான் இருப்பார். ஆனாலும் சும்மா அவசரப்பட வேண்டியதில்லை. 1000 மணிநேரச் சலுகையில் போக 21 வயது ஆகியிருக்க வேண்டும். இருபதிலேயே பறந்து முடித்துவிட்டால் உட்கார்ந்து வயதை எண்ண வேண்டியதுதான்.

என் யோசனை: கணினியை இரண்டாவது பாடமாக எடுத்துக்கொள்ளட்டும். மூன்று இடத்திலும் வழி இருக்கிறது. வீட்டிலும் சண்டை தீரும்.


எடிசன் அம்மா:

ரொம்ப நன்றிம்மா, பெரியவருக்கும் தம்பிக்கும் நன்றி. உங்கள் பதிலைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். குளிர் பகுதி வந்தபோது கணவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, மகளுக்கு மட்டும் வாயெல்லாம் பல்.

மூன்று சந்தேகம். மெடிக்கல் என்று இரண்டு பேரும் சொல்கிறீர்கள், அதை எப்போது எடுப்பது? அவளுக்குச் சின்ன வயதில் கவனக்குறைவுக்கு, ஏ.டி.எச்.டி. என்று சொல்லி, கொஞ்ச நாள் மாத்திரை கொடுத்தார்கள். இரண்டாவது, இந்தக் கோடையில் இங்கேயே பிரைவேட் லைசென்ஸை முடித்துவிட்டால் காசு மிச்சமா? மூன்றாவது, அவள் இங்கே பிறந்தவள். க்ரீன் கார்டில் இருக்கும் என் அண்ணன் பையனும் சேர ஆசைப்படுகிறான், அவனுக்கு ஏதாவது தடை உண்டா?


வடக்கு ரன்வே:

மெடிக்கலை டெபாசிட்டுக்கு முன்னால் எடுங்கள் அக்கா, அதுவும் முதல் வகுப்பு மெடிக்கல். கீழ்வகுப்பு மெடிக்கலை வைத்துச் சேர்ந்துவிடலாம், ஆனால் ஏர்லைன் கனவு முதல் வகுப்பில் நிற்கிறது. அதில் பிரச்சினை இருப்பது இரண்டாம் வருடத்தில் தெரிந்து என்ன பிரயோஜனம்?

ஏ.டி.எச்.டி. மருந்து பற்றி மறைக்கவே கூடாது. நம் வீடுகளில் "அதெல்லாம் எதற்கு எழுத வேண்டும், சின்ன வயதில்தானே" என்பார்கள். மெடிக்கல் ஃபாரத்தில் பொய் எழுதுவது மத்திய அரசுச் சட்டப்படி குற்றம், பின்னால் லைசென்ஸே போகும். பயப்படவும் வேண்டாம். 2023-ல் இதற்கு விமானத்துறை அமைப்பான எஃப்.ஏ.ஏ. ஒரு ஃபாஸ்ட் ட்ராக் வழி வைத்தது. கடைசி நான்கு வருடமாக மருந்தும் இல்லை, அறிகுறியும் இல்லை என்றால் பாதை சுலபம். பழைய டாக்டர் ரெக்கார்டு, பள்ளி ரெக்கார்டு எல்லாம் கேட்பார்கள், இப்போதே திரட்டத் தொடங்குங்கள். முக்கியமானது: ஆன்லைன் ஃபாரத்தை நிரப்பிக்கொண்டு நேராக டாக்டரிடம் போய்விடாதீர்கள். ஃபாரத்துக்கு வரும் எண்ணைப் போட்டு அவர் அதைத் திறந்துவிட்டால் பரீட்சை ஆரம்பித்ததாகவே அர்த்தம், பின்வாங்க முடியாது. முதலில் ஏவியேஷன் மெடிக்கல் எக்ஸாமினர் ஒருவரிடம் வெறும் ஆலோசனைக்கென்று நேரம் வாங்கி ரெக்கார்டுகளைக் காட்டுங்கள். நிறப் பார்வையையும் இப்போது கம்ப்யூட்டரில்தான் பரிசோதிக்கிறார்கள், புத்தகத்தில் புள்ளி எண் பார்த்த காலம் போய்விட்டது.

பிரைவேட் லைசென்ஸை ஊரிலேயே முடிக்கலாம், தவறில்லை. பறப்பது அவளுக்கு உண்மையிலேயே ஒத்துவருகிறதா என்பதும் தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்து, சேர்ந்த பிறகு வயிற்றைப் புரட்டுகிறது என்று விட்டவர்கள் உண்டு. ஆனால் பிரைவேட்டோடு நிறுத்துங்கள். இன்ஸ்ட்ருமென்ட் (கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பது), கமர்ஷியல் (சம்பளத்துக்குப் பறப்பது) இரண்டையும் பல்கலைக்கழகத்தின் பார்ட் 141 பாடத்திட்டத்துக்குள் முடித்தால்தான் அந்த 1000 மணிநேரச் சலுகை. வெளியே இன்ஸ்ட்ருமென்ட் முடித்துக்கொண்டு வந்து, பின்னால் தலையில் கை வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். காசு மிச்சமாகுமா என்பது பள்ளியைப் பொறுத்தது. லைசென்ஸோடு வருபவர்களையும் தங்கள் முறைக்குப் பழக்க ஒரு கோர்ஸ் வைக்கும் இடங்கள் உண்டு. சேர்க்கை அலுவலகத்தைக் கேட்காதீர்கள், ஃப்ளைட் ஆபரேஷன்ஸுக்கு மெயில் போடுங்கள்.

மகளுக்குக் குடியுரிமை இருப்பதால் பாஸ்போர்ட்டைக் காட்டி, இன்ஸ்ட்ரக்டர் லாக்புக்கில் ஒரு வரி எழுதினால் போதும். உங்கள் அண்ணன் பையன் க்ரீன் கார்டில் இருந்தாலும் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பான டி.எஸ்.ஏ.வின் பாதுகாப்புச் சோதனையை முடிக்க வேண்டும், கைரேகை உட்பட. 2024-லிருந்து ஒரு தடவை வாங்கினால் ஐந்து வருடம் வரை செல்லும். முன்பு போல ஒவ்வொரு ரேட்டிங்குக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்கும் தொல்லை இல்லை.


எடிசன் அம்மா:

ஆலோசனைக்கு நேரம் வாங்கிவிட்டோம். மார்ச் முதல் வாரம் கிராண்ட் ஃபோர்க்ஸ் போய்ப் பார்க்க டிக்கெட்டும் போட்டாயிற்று, கணவரும் வருகிறார். ஏப்ரலில் போகலாம் என்றவரை நான்தான் மாற்றினேன். அங்கே யாரைப் பார்க்க வேண்டும்?


வடக்கு ரன்வே:

மார்ச் நல்ல முடிவு. டூர் முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். டிஸ்பாட்ச் கவுன்டருக்கு எதிரே நாற்காலிகள் இருக்கும், மகளை மட்டும் அங்கே ஒரு மணிநேரம் உட்காரச் சொல்லுங்கள். நீங்களும் உங்கள் கணவரும் வெளியே காபி குடியுங்கள். அம்மா அப்பா பக்கத்தில் இருந்தால் எந்தப் பிள்ளையும் வாயைத் திறக்காது. பறப்பு கேன்சல் ஆகி உட்கார்ந்திருக்கும் இரண்டாம் வருட மாணவியாகப் பார்த்துப் பேசட்டும். போன மாதம் எத்தனை தடவை பறந்தாய், இன்ஸ்ட்ரக்டர் எத்தனை தடவை மாறினார், இதுவரை எவ்வளவு கட்டியிருக்கிறாய் என்று கேட்கட்டும். பெண் இன்ஸ்ட்ரக்டர்கள் இருக்கிறார்களா என்றும் கேட்கட்டும். இந்தத் தொழிலில் நாங்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. ஆனால் வளாகத்தில் பெண் பைலட்டுகளுக்கான சங்கம் இருக்கிறது, முதல் வருடத்தில் எனக்குத் துணையாக இருந்தவர்கள் அவர்கள்தான்.

வாடகை வீட்டு விஷயத்தை அந்த ஊரில் இருக்கும் இன்ஸ்ட்ரக்டர் யாரிடமாவது விசாரியுங்கள், காரை ராத்திரி ப்ளக்கில் மாட்டி வைக்கும் வசதி இருக்கிறதா என்பது முதல் கேள்வி. எஞ்சின் ஹீட்டர் இல்லாமல் காலை ஐந்து மணி ஸ்லாட்டுக்குக் கார் கிளம்பாது.

பர்டூ பதில் வந்ததும் எழுதுங்கள். அங்கே படித்த ஒருத்தி என்னோடு பறக்கிறாள், பேச வைக்கிறேன்.